ஒரு ஸ்பூன் அரிசி, அரை கிலோ அரிசி: பாலாற்றின் கணக்கைச் சமையலறையில் படிப்பது எப்படி?

ஒரு டேபிள்ஸ்பூன் அரிசியைக் குவியலாக எடுத்து ஒரு தட்டில் கொட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு தட்டில் அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அரிசியைக் கொட்டுங்கள். முதல் தட்டில் சுமார் 900 மணிகள் இருக்கும். இரண்டாவதில் சுமார் 35,000.

இரண்டு எண்களும் 1996-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருப்பவை. 900 என்பது அப்போது தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இயங்கியதாகச் சொல்லப்பட்ட டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் எண்ணிக்கை. 35,000 என்பது டேனரி பகுதிகளில் பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போன விவசாய நிலம், ஹெக்டேர் கணக்கில்.

'35,000 ஹெக்டேர்' என்று செய்தியில் படித்தால் கண் அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடும். அதே எண்ணை அரிசியாகக் கொட்டிவைத்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்போம். எண்களை இப்படிச் சாப்பாட்டுப் பொருளாக மாற்றிக் காட்டுவதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் தோல் பெல்ட்டின் கதையை இந்த முறையில் சொன்னால் எப்படி இருக்கும்? பார்ப்போம்.

டேட்டாவைச் சமைக்கிறதா? யார் செய்கிறார்கள்?

ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் ஸ்டெஃபானர் ஒரு டேட்டா விஷுவலைசேஷன் வடிவமைப்பாளர். அவரும் கலை நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கும் சூசன்னே யாஷ்கோவும் சேர்ந்து 2012-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் 'டேட்டா கிசீன்' என்ற பயிலரங்கைத் தொடங்கினார்கள். ஐடியா ரொம்ப எளிமையானது. ஒரு ஊரின் புள்ளிவிவரத்தை அந்த ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டே சொல்ல வேண்டும். பார் சார்ட்டில் நீளமும் நிறமும் செய்யும் வேலையை இங்கே அளவு, சுவை, காரம், சூடு, மொறுமொறுப்பு ஆகியவை செய்யும்.

அதற்கும் முன்னால், 2003-லேயே இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த 'ஸ்டான்ஸ் கஃபே' என்ற நாடகக் குழு அரிசியைக் கையில் எடுத்தது. ஒரு மணி அரிசி என்றால் ஒரு மனிதர். நகரங்களின் மக்கள்தொகை, அகதிகள், போரில் இறந்தவர்கள் என ஒவ்வொரு எண்ணையும் எடைபோட்டு, வெள்ளைத் தாள்மேல் குவியல் குவியலாக வைத்தார்கள். 2005-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மொத்த உலக மக்கள்தொகையையும் இப்படிக் காட்ட 104 டன் அரிசி தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு கிராமுக்குச் சுமார் 60 மணிகள். மேலே சொன்ன ஸ்பூன் அரிசிக்கும் அரை கிலோ அரிசிக்கும் இதே கணக்குதான்.

யோசித்துப் பார்த்தால், புள்ளிவிவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உறவு பழையது. 1801-ல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் வரைந்த வட்டப் படத்தை ஆங்கிலத்தில் 'பை' என்கிறார்கள். பிரான்ஸில் அதற்குப் பெயர் 'கமாம்பேர்', அதாவது வட்டமான ஒரு சீஸ். பிரேசிலில் 'பீட்சா'.

நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று சொல்கிறோமே, அது சாம்பிளிங் தத்துவம்தான். முழுப் பானையையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், ஒரு பருக்கையை நசுக்கினால் போதும். கருத்துக்கணிப்பின் முன்னோடியான அமெரிக்காவின் ஜார்ஜ் காலப்பும் தன் முறையை விளக்க சூப்பைத்தான் உதாரணமாகச் சொல்வார். நன்றாகக் கலக்கிவிட்டால் ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தே முழுப் பாத்திரத்தின் ருசியையும் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம்.

சாப்பாடு ஏன் நல்ல அளவுகோல்?

லட்சம், கோடி, ஹெக்டேர் எல்லாம் நம் கைக்குப் பழக்கமில்லாத அளவுகள். ஆழாக்கு, படி, டம்ளர், சிட்டிகை அப்படியில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று நம் பாட்டிகளுக்குக் கையே சொல்லும். உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை விரல் மடிப்பை வைத்தே அளப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பழகிய அளவில் சொன்னால் எண் மனதில் தங்கும்.

நம் அரசும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2019–20 பொருளாதார ஆய்வறிக்கையில் 'தாலினாமிக்ஸ்' என்று ஒரு அத்தியாயமே உண்டு. பணவீக்கத்தைச் சதவீதமாகச் சொன்னால் யாருக்கும் புரியாது, ஒரு சாப்பாட்டுத் தட்டின் விலையாகச் சொல்வோம் என்று இறங்கினார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சைவத் தட்டுச் சாப்பாடு. இதற்கு ஒரு தொழிலாளி 2006–07-ல் தன் தினக்கூலியில் சுமார் 70 சதவீதத்தைச் செலவிட வேண்டியிருந்தது. 2019–20-ல் அது சுமார் 50 சதவீதமாகக் குறைந்தது என்கிறது அறிக்கை.

ஆனால் யாருடைய கூலி? ஒழுங்கமைக்கப்பட்ட ஆலைகளில் வேலை செய்பவர்களின் சராசரிக் கூலி அது. ஆம்பூர்ப் பக்கம் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, அவர்கள் பாஷையில் 'அப்பர்', ஊசி நூலால் தைக்கிறார்கள். கூலி நாள் கணக்கில் இல்லை, ஜோடிக் கணக்கில். அவர்கள் அந்தச் சராசரிக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கான தாலினாமிக்ஸ் கேள்வி வேற மாதிரி: 'ஒரு பிளேட் பிரியாணி வாங்க எத்தனை ஜோடி தைக்கணும்?' உங்கள் தெருவில் யாராவது இந்த வேலை செய்தால் கேட்டுப் பாருங்கள். ஒரே வரியில் பதில் வரும், அதற்கு சார்ட்டே வேண்டாம்.

பிரியாணியே ஒரு சார்ட்தான்

ஆம்பூர் பிரியாணியின் அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், முக்கால் பதத்தில் வடித்துச் சேர்த்த அரிசி, மூடிமேல் கங்கு போட்டு தம். தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய். இந்த ஒன்றுக்கு ஒன்று விகிதம் மாறினால் ஆம்பூர்க்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். 'கறி கம்மியா இருக்கே' என்பது டேட்டாவைப் படித்துவிட்டு எழுதிய விமர்சனம்தான். விகிதத்தைச் சரியாகப் படிக்க ஊரே பழகியிருக்கிறது. அதே பழக்கத்தைப் பாலாற்றின் எண்கள் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்?

பாலாறு ஸ்பெஷல்: மூன்று அயிட்டம்

1. கேன் தண்ணீர்

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996 தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் கேனில் சொன்னால் ஒன்றே முக்கால் கேன். குக்கரில் ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2 லிட்டர் என்று வைத்தால், அதே தண்ணீரில் 17 கிலோ அரிசி வேகும். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய லெதர் பெல்ட்டை வையுங்கள், எடைபோடுங்கள், பக்கத்தில் அதற்கான தண்ணீரை அளந்து வையுங்கள். 200 கிராம் பெல்ட் என்றால் 7 லிட்டர். வேறு விளக்கம் தேவைப்படாது.

2. மூன்று டம்ளர் உப்புத் தண்ணீர்

டேனரியில் நடக்கும் முதல் வேலை நம் உப்புக்கண்டம், கருவாட்டு வேலைதான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி வைப்பார்கள். பிறகு அதைக் கழுவி எடுக்கும்போது உப்பெல்லாம் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நிலத்தில் இறங்கினால் கிணற்றில் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள திடப்பொருளின் அளவு, ஏறும். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனம். படிக்கும்போது இரண்டும் வெறும் எண்கள். இப்போது நாக்கில் படிப்போம்.

ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஒரு டீஸ்பூன் (சுமார் 5 கிராம்) சமையல் உப்பைக் கரையுங்கள். இது சுமார் 5,000. இதிலிருந்து 100 மில்லி எடுத்து 900 மில்லி நல்ல தண்ணீரில் கலந்தால் சுமார் 500. 400 மில்லி எடுத்து 600 மில்லி தண்ணீரில் கலந்தால் சுமார் 2,000. மூன்றையும் டம்ளரில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல், வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வாய் கொடுங்கள். பிபி, கிட்னி பிரச்சினை இருப்பவர்களுக்கு வேண்டாம். உங்கள் வீட்டு போர்வெல்லுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் அந்த எண்ணுக்கு ஏற்ப நான்காவது டம்ளர் ஒன்று தயார் செய்யலாம்.

ஒரு விஷயம்: நிஜக் கிணற்று நீரில் சமையல் உப்பு மட்டும் இருக்காது. பல உப்புகள் கலந்திருக்கும், ருசியும் மாறும். அதனால் இது பரிசோதனை இல்லை, எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். இந்தத் தண்ணீரைத்தான் ஒரு கிராமம் தினமும் குடிக்கிறது, அரிசி களைகிறது, செடிக்கு ஊற்றுகிறது என்று நினைத்துப் பார்க்க ஒரு வாய் போதும்.

3. காட்ட முடியாத சிட்டிகை

தோல் பதனிடுவதில் முக்கியமான ரசாயனம் குரோமியம். குடிநீரில் அதற்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். சமையல் கணக்கில் சொன்னால், இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு கிட்டத்தட்ட 0.3 கிராம். அந்த எடையை 1,000 லிட்டர் மாடித் தொட்டிகள் ஆறில் பிரித்துக் கரைத்தால் வரும் அளவுதான் வரம்பு. உப்பாக இருந்தால் நாக்குக்குத் தெரியவே தெரியாது.

சாப்பாட்டு டேட்டா தோற்கும் இடம் இதுதான். 'ருசி நல்லாத்தான் இருக்கு, தண்ணி நல்ல தண்ணிதான்' என்று யாராவது சொன்னால் அந்தச் சாட்சியம் செல்லாது. உப்பை நாக்கு சொல்லும். குரோமியத்துக்கு ஆய்வகம்தான் வேண்டும்.

தம் பானையில் ஒரு பருக்கை பதம் ஆகுமா?

பழமொழியிலும் ஒரு கண்டிஷன் ஒளிந்திருக்கிறது. சாதாரணச் சோற்றுப் பானையில் எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி வேகும், அதனால் ஒன்று போதும். தம் பிரித்த பிரியாணி அண்டாவில் மேலோட்டமாக அள்ளினால் வெறும் சோறு. கறியும் மசாலாவும் அடியில். அதனால்தான் மாஸ்டர் கரண்டியை ஓரமாக அடிவரை விட்டு எடுப்பார்.

நிலத்தடி நீர் அந்த அண்டா மாதிரி. மேல்கிணறும் ஆழ்துளைக் கிணறும் ஒன்றல்ல. ஆற்றோரத்து ஊரும் ஆலையோரத்து ஊரும் ஒன்றல்ல. கோடையும் மழைக்காலமும் ஒன்றல்ல. 'ஒரு கிணற்றில் எடுத்தோம், சரியாக இருந்தது' என்று யார் சொன்னாலும், எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் தொடக்கத்தில் கொட்டிய அரிசியையும் இதே மாதிரி கேள்வி கேட்கலாம். ஒரு தட்டில் ஒரு மணி ஒரு ஆலை, மறு தட்டில் ஒரு மணி ஒரு ஹெக்டேர். 900 என்பது ஐந்து மாவட்டக் கணக்கு, 35,000 தனி ஆய்வின் கணக்கு. அதனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து 'ஆலைக்கு இவ்வளவு நிலம்' என்று சொல்லக் கூடாது. தட்டு பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. அந்த எண்களுக்கும் வயது 30 ஆகப்போகிறது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, கழிவுநீரை வெளியே விடாத முறைகள் வந்திருக்கின்றன. இன்றைய தட்டுக்கு இன்றைய எண் வேண்டும்.

தட்டில் இல்லாததும் டேட்டாதான்

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. ஊரில் பலரும் சாப்பிடும் ஒன்றை ஊர்ப் பெயரில் நடக்கும் விழாவிலிருந்து எப்படி விலக்கலாம் என்று கேட்டார்கள். மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு டேட்டா கண்ணோடு பாருங்கள். விழா என்பது ஊரின் சாப்பாட்டைக் காட்டும் ஒரு சார்ட். அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டால் பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறொரு ஊர். வீட்டில் ஷூ தைப்பவர் சராசரிக் கூலிக் கணக்கில் இல்லாததும் இதே வகைதான். எந்த சார்ட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இதில் யார் இல்லை?'

நீங்களே செய்ய: நான்கு விதிகள்

ஒன்று, ஒரு தட்டுக்கு ஒரே எண். நான்கைந்தைச் சேர்த்தால் குழம்பிவிடும். தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019–21) சொல்வது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 குழிப்பணியாரம் சுடுங்கள். 7-ல் முருங்கைக்கீரை சேருங்கள், 8-ஐ வெறுமையாக விடுங்கள். 15-க்கு 8 என்றால் 53.3. ஆபீஸ் பாட்லக்குக்குக் கொண்டுபோனால் லஞ்ச் டைமில் பேச்சு தானாகத் தொடங்கும்.

இரண்டு, எண்ணுக்கும் உணவுக்கும் சம்பந்தம் இருக்கட்டும். ரத்தசோகைக்குக் கீரை, கிணற்றுக்கு உப்பு, நிலத்துக்கு அரிசி. மழையளவைக் கேக்கில் காட்டுவதில் அர்த்தமில்லை.

மூன்று, பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். ஒரு மணி என்றால் என்ன, எந்த ஆண்டு, எங்கிருந்து எடுத்த எண். அட்டை இல்லாத தட்டு அலங்காரம்தான்.

நான்கு, வீணாக்காதீர்கள். அளந்த அரிசியைச் சமைத்துவிடுங்கள். பசியைப் பற்றிய டேட்டாவைக் காட்டிவிட்டுச் சோற்றைக் குப்பையில் கொட்டினால் சொன்னதெல்லாம் போச்சு.

கடைசியாக ஒரு தட்டு

அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி எடுங்கள். 29,193 மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டறிந்து இழப்பீடு நிர்ணயித்தவர்களின் எண்ணிக்கை அது. மொத்தத் தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். செய்தியில் 'கோடி' என்று படிக்கும்போது பெரிதாகத் தெரியும். மணிக்கு மணி பிரித்தால், ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. கிணறும் நிலமும் போனதற்கு.

அதுவும் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 ஆண்டுகள். தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தை இன்று உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் வயது.

அந்த அரிசியைச் சமைப்பதற்கு முன் ஒரு பிடி கையில் அள்ளிப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். களைவதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள், குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா, காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரா என்பதையும் கவனியுங்கள்.